நெயில் கன்: பிராண்டைப் பார்க்கும் முன் டிரிகரைப் பாருங்கள்

ஆணி அடிக்கும் கருவியான நெயில் கன் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த பிராண்டு நல்லது?" என்றுதான். அதற்கு ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள், எதைக் கேட்டாலும் பெரிய பயன் இருக்காது. முதலில் கேட்க வேண்டியவை வேறு இரண்டு. எந்த ஆணியை எதில் அடிக்கப் போகிறீர்கள்? அந்தக் கன்னில் இருப்பது எந்த வகை டிரிகர்? முதல் கேள்விக்குச் சரியான பதில் இருந்தால் வேலை ஒழுங்காக வரும். இரண்டாவதற்கு இருந்தால் விரல் பத்திரமாக இருக்கும். இந்த இரண்டையும் முடிவு செய்தபின் எந்த பிராண்டை எடுத்தாலும் பெரிய தவறு நடக்காது.

கன்னுக்குள் என்ன நடக்கிறது

காற்றழுத்தத்தில் ஓடும் நெயில் கன்னுக்குள் மோட்டார் கிடையாது. ஒரு சிலிண்டர், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனோடு சேர்ந்த நீளமான எஃகுத் தண்டு, இவ்வளவுதான். அந்தத் தண்டை டிரைவர் பிளேடு என்பார்கள். சைக்கிள் பம்பில் நாம் கைப்பிடியைத் தள்ள, காற்று வெளியே போகிறது. இங்கே காற்று உள்ளே வந்து பிஸ்டனைத் தள்ளுகிறது.

காற்றை அழுத்திச் சேர்த்து வைக்கும் கம்ப்ரஷரிலிருந்து ஹோஸ் வழியாக வரும் காற்று கைப்பிடிக்குள்ளும் உடல் பகுதிக்குள்ளும் நிரம்பி, எப்போதும் தயாராக நிற்கும். பிஸ்டனுக்கு மேலே இருக்கும் ஒரு வால்வு அதை மறித்து வைத்திருக்கும். டிரிகரை இழுத்தால் அந்த வால்வு திறந்து, தேங்கி நின்ற காற்று ஒரே மூச்சில் பிஸ்டன் தலையில் இறங்கும். பிளேடு கீழே பாய்ந்து, வரிசையில் முதலில் நிற்கும் ஆணியை மட்டும் பிரித்து மரத்துக்குள் தள்ளிவிடும். பிஸ்டன் இறங்கும்போது அதற்குக் கீழே இருந்த காற்று, சிலிண்டரைச் சுற்றியுள்ள ஓர் அறைக்குள் போய் நெருக்கிக்கொண்டு நிற்கும். டிரிகரை விட்டதும் மேலே இருந்த காற்று வெளியேற, அறையில் இருந்த காற்று பிஸ்டனைப் பழைய இடத்துக்குத் தூக்கிவிடும். அடித்த பிறகு பிளேடு வெளியே நீட்டியபடியே நிற்கிறதென்றால் பெரும்பாலும் உள்ளே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும், அல்லது காற்று போதாமல் இருக்கும்.

ஆணி வெளியே வரும் முனையைக் கன்னின் மூக்கு என்பார்கள். அந்த மூக்கின் நுனியில் ஸ்பிரிங் வைத்த ஓர் உலோகத் துண்டு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சேஃப்டி. மரத்தில் அழுத்தி அது உள்ளே போனால்தான் கன் சுடும். சினிமாவில் நெயில் கன்னைத் துப்பாக்கி மாதிரி நீட்டி, தூரத்தில் நிற்பவர்மேல் ஆணி மழை பொழிவார்கள். சேஃப்டி ஒழுங்காக வேலை செய்யும் கன்னில் அது நடக்காது. ஆனால் அதிலேயே ஆபத்தும் இருக்கிறது. அந்த நுனியை அழுத்துவது மரமா, தொடையா, பக்கத்தில் நிற்பவரின் தோளா என்று கன்னுக்குத் தெரியாது.

ஆணியை முடிவு செய்தபின் கன்

நெயில் கன்களைப் பிரிப்பதே அவை அடிக்கும் ஆணியை வைத்துத்தான். ஆணியின் பருமனை கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள். எண் கூடக் கூட ஆணி மெலியும். 23 கேஜ் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2, 16 கேஜ் 1.6.

23 கேஜ் அடிப்பது பின் நெயிலர். அந்த ஆணிக்குத் தலையே இல்லை, அடித்த இடம் கண்ணுக்குத் தெரியாது, புட்டி கூட வேண்டியதில்லை. அதன் வேலை, பசை காயும்வரை பீடிங்கை, அதாவது ஓரத்தில் ஒட்டும் மெல்லிய மரப்பட்டியை, நகராமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். அதையே நம்பி எதையும் தொங்கவிட முடியாது.

18 கேஜ் அடிப்பது பிராட் நெயிலர். பெட்டியில் 'எஃப்30' என்று போட்டிருந்தால் 30 மில்லிமீட்டர் வரை, 'எஃப்50' என்றால் 50 மில்லிமீட்டர் வரை அடிக்கும். பீடிங், அலமாரியின் முகப்புப் பட்டி, டிராயர், சின்னப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். முதல் கன் வாங்குகிறவர் என்னைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். காற்று கொஞ்சமாகத்தான் குடிக்கும், எடை குறைவு, தப்பாக அடித்த ஆணியைப் பிடுங்கினாலும் மரம் பெரிதாகப் பாழாகாது.

கதவு நிலையைச் சுற்றிய பட்டி, சுவரடிப் பலகை, கனமான படிக்கட்டுப் பலகை என்றால் 16 அல்லது 15 கேஜ் அடிக்கும் ஃபினிஷ் நெயிலர் வேண்டும். 'டி50' என்பது 16 கேஜில் 50 மில்லிமீட்டர் வரை. 15 கேஜ் கன்னில் ஆணிகளைப் போடும் மகசின் சாய்வாக இருப்பதால் மூலைக்குள் நுழைக்க வசதி.

சட்டங்களைச் சேர்த்து வீட்டுக் கூரையோ சுவர்ச் சட்டகமோ எழுப்புகிறவர்களுக்குத்தான் ஃபிரேமிங் நெயிலர். 50 முதல் 90 மில்லிமீட்டர் வரை தடித்த ஆணி அடிக்கும். இதில் பலர் ஏமாறுவது சாய்வுக் கோணத்தில். 21 டிகிரி, 28 டிகிரி, 30 முதல் 34 டிகிரி என்று ஸ்ட்ரிப்புகள், அதாவது வரிசையாகக் கோத்த ஆணிப் பட்டைகள், வெவ்வேறு சாய்வில் வரும். முதலாவதில் ஆணிகளைப் பிளாஸ்டிக் கோத்திருக்கும், இரண்டாவதில் கம்பி, மூன்றாவதில் பெரும்பாலும் காகிதம். ஒரு கோணத்துக்கான கன்னில் இன்னொன்றைத் திணித்தால் சிக்கிக்கொள்ளும், அல்லது ஆணி கோணலாக இறங்கும். கன்னை வாங்கும் முன் அதற்கான ஸ்ட்ரிப் உங்களுக்குத் தொடர்ந்து கிடைக்குமா என்று பார்த்துவிடுங்கள். ஆணி கிடைக்காத கன் அலமாரியில்தான் தூங்கும்.

பேலட், வேலி, கூரை ஓடு மாதிரி ஒரே ஆணியை நாள் முழுக்க அடிக்கும் வேலைக்கு, வட்டமாகச் சுருட்டிய காயில் ஆணி போடும் கன்கள் உண்டு. மெல்லிய பிளைவுட்டை அலமாரியின் முதுகில் அறைய, ஆணியைவிட ஸ்டேப்ளர் நல்லது. ஸ்டேப்ளர் பின்னின் அகலமான முதுகு பலகையைக் கிழியாமல் பிடித்துக்கொள்ளும். கான்கிரீட்டில் அடிக்க 'எஸ்டி64' மாதிரி தனிக் கன்களும் கடினமாக்கிய தனி ஆணிகளும் இருக்கின்றன. மர ஆணியைக் கான்கிரீட்டில் அடித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம், திரும்பி முகத்துக்கே வரும்.

நீளத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மேலே வைக்கும் பலகையின் தடிமனைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு. 12 மில்லிமீட்டர் பீடிங்குக்கு 30 அல்லது 35, 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை இன்னொன்றின் ஓரத்தில் சேர்க்க 50. அடியில் இருக்கும் பலகையின் தடிமனையும் சேர்த்துப் பாருங்கள். 12-ன் மேல் 12 வைத்து 30 மில்லிமீட்டர் ஆணி அடித்தால் மறுபக்கம் 6 மில்லிமீட்டர் முனை எட்டிப் பார்க்கும். அங்கே யாராவது கையை வைத்துத் தாங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மழையும் வெயிலும் படும் இடத்துக்கு, சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஆணி அல்லது ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். சாதாரண ஆணி துருப்பிடித்து மரத்தில் கறுப்புக் கோடு விடும்.

டிரிகர்

நெயில் கன் டிரிகரில் முக்கியமானவை இரண்டு வகை. வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

முதலாவது சீக்குவென்ஷியல், அதாவது வரிசை தவறாத டிரிகர். முதலில் மூக்கை மரத்தில் அழுத்த வேண்டும், அப்புறம்தான் டிரிகரை இழுக்க வேண்டும். வரிசை மாறினால் சுடாது. அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதில் டிரிகரை மட்டும் விட்டுப் பிடித்தால் போதும் என்ற ரகமும் உண்டு. அதைக் காட்டிலும், இரண்டையும் விடச் சொல்லும் முழு சீக்குவென்ஷியலே மேல்.

இரண்டாவது கான்டாக்ட் டிரிகர், பம்ப் ஃபயர் என்றும் சொல்வார்கள். டிரிகரை இழுத்துப் பிடித்தபடியே மூக்கால் மரத்தைத் தட்டிக்கொண்டே போகலாம், தட்டிய இடத்தில் எல்லாம் ஓர் ஆணி இறங்கும். கூரைப் பலகை அடிக்கும்போது பார்க்கவே ஆசையாக இருக்கும். பிரச்சினை, டிரிகரில் விரல் இருக்கும்வரை மூக்கு எதைத் தொட்டாலும் அது சுடும் என்பதுதான். ஏணியில் ஏறும்போது கன்னைக் கீழே தொங்கவிட்டபடி, கைப்பிடியோடு டிரிகரையும் சேர்த்தே பிடித்திருப்பார்கள். மூக்கு முழங்காலில் இடித்தால் ஆணி முழங்காலில்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆணி அடித்ததும் கன் பின்னால் எகிறும். புதிதாகப் பிடிப்பவர்கள் பயத்தில் இன்னும் அழுத்திப் பிடிப்பார்கள். எகிறிய கன் அந்த அழுத்தத்தில் மறுபடி மரத்தைத் தொடும், விரல் இன்னும் டிரிகரில் இருப்பதால் இரண்டாவது ஆணி தானாகப் போய்விடும். முதல் ஆணியின் தலைமேலேயே அது விழுந்தால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்புகளான ஓஷாவும் நையோஷும் 2011-ல் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்காக ஒரு வழிகாட்டி வெளியிட்டன. அந்த நாட்டில் மட்டும் நெயில் கன் காயத்தோடு அவசர சிகிச்சைக்கு வருபவர்கள் ஆண்டுக்குச் சுமார் 37,000 பேர் என்கிறது அது. கான்டாக்ட் டிரிகரில் காயம்படும் வாய்ப்பு, சீக்குவென்ஷியலைப் போல இரண்டு மடங்கு. காயங்களில் பாதிக்கு மேல் கையிலும் விரலிலும்தான்.

"ஆனால் பம்ப் ஃபயரில் வேலை சீக்கிரம் முடியுமே?" என்று கேட்பார்கள். அதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அனுபவமுள்ள தச்சர்களை ஒரே மாதிரியான இரண்டு சின்ன மரக் கொட்டகைகளை, ஒன்றை ஒரு வகை டிரிகராலும் மற்றதை இன்னொரு வகையாலும் கட்டச் சொன்னார்கள். ஆணி அடிக்கும் நேரம் கான்டாக்ட் டிரிகரில் 10 சதவீதம் குறைந்தது. அளவெடுப்பது, அறுப்பது எல்லாவற்றையும் சேர்த்த மொத்த நேரத்தில் பார்த்தால் மிச்சம் 1 சதவீதம்கூட இல்லை. அந்த ஒரு சதவீதத்துக்காக விரலைப் பணயம் வைப்பது நல்ல வியாபாரமாக எனக்குத் தோன்றவில்லை.

பல கன்களில் இரண்டு முறைக்கும் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் இருக்கும், சிலவற்றில் டிரிகரையே கழற்றி மாற்றலாம். உங்கள் கையில் இருப்பது எது என்று தெரியவில்லையா? தடித்த கட்டை ஒன்றைத் தரையில் வைத்து, கண்ணாடி அணிந்துகொண்டு, மூக்கைக் கட்டைக்கு நேராகக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். முதலில் டிரிகரை இழுத்துப் பிடித்து, அப்புறம் மூக்கைக் கட்டையில் அழுத்துங்கள். ஆணி போனால் கான்டாக்ட், போகாவிட்டால் சீக்குவென்ஷியல். மூக்கை அழுத்தாமல் டிரிகரை மட்டும் இழுக்கும்போதே சுட்டுவிட்டால், அந்தக் கன்னைப் பழுது பார்க்காமல் தொடவே தொடாதீர்கள்.

மூக்கை அழுத்திச் சலித்துப் போய், சேஃப்டியின் ஸ்பிரிங்கைக் கழற்றுகிறவர்களும் அதைக் கம்பியால் கட்டி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்த கன் எந்த வேலைத்தளத்திலும் இருக்கக் கூடாது. வேறு யாராவது எடுத்துப் பிடிக்கும்போது, அதில் சேஃப்டி இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

காற்று

பெரும்பாலான கன்கள் 70 முதல் 120 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓடும். பார் என்ற அலகில் சொன்னால் ஏறக்குறைய 5 முதல் 8. உச்ச அளவு எவ்வளவு என்று கன்னின் மேலேயே போட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. கம்ப்ரஷர் டேங்கில் அதைவிட அதிகம் இருக்கலாம், ஹோஸுக்குப் போகும் அழுத்தத்தை ரெகுலேட்டரில் குறைத்து வையுங்கள். வேலை மரத்தின் துண்டில் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, ஆணித் தலை மரத்தோடு சமமாக அமரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மூக்கருகே ஆழம் திருத்தும் சக்கரம் இருந்தால் நுணுக்கமான திருத்தத்தை அதில் செய்யுங்கள். மெத்தென்ற மரத்துக்கும் கடினமான மரத்துக்கும் ஒரே அளவு ஒத்துவராது.

பிராட் நெயிலருக்கு 20, 25 லிட்டர் டேங்க் உள்ள சின்ன கம்ப்ரஷரே ஏராளம். ஃபிரேமிங் நெயிலர் ஒவ்வோர் அடிக்கும் நிறையக் காற்று விழுங்கும். கம்ப்ரஷர் ஈடுகொடுக்காவிட்டால் பத்தாவது, பதினைந்தாவது ஆணி பாதியில் நிற்கத் தொடங்கும். கன்னைக் குறை சொல்லாமல் கம்ப்ரஷரில் அழுத்தம் காட்டும் மீட்டரைப் பாருங்கள்.

ஹோஸையும் கன்னையும் இணைக்கும் கப்ளர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் கவனம் வேண்டும். கன்னில் இருக்க வேண்டியது நடுவே துளையுள்ள ஆண் முனை. பூட்டிக்கொள்ளும் பெண் முனை ஹோஸில்தான் இருக்க வேண்டும். இப்படி இருந்தால் ஹோஸைக் கழற்றிய நொடியில் கன்னுக்குள் இருக்கும் காற்று 'புஸ்' என்று வெளியேறிவிடும். மாற்றிப் பொருத்தினால் கழற்றிய பிறகும் உள்ளே காற்று அடைபட்டிருக்கும். கழற்றியாச்சே என்று நம்பி மூக்கில் கை வைத்தால் ஆணி வரும்.

ஆக்சிஜன் சிலிண்டர், எரிவாயு சிலிண்டர் எதையும் கன்னில் இணைக்கவே கூடாது. கன் வெடிக்கும்.

கை எங்கே இருக்க வேண்டும்

ஆணி இறங்கும் இடத்திலிருந்து மற்றக் கை குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். சின்னத் துண்டாக இருந்தால் விரலால் பிடிக்காமல் கிளாம்ப் போடுங்கள். இவ்வளவு தூரம் எதற்கு என்றால், ஆணி எப்போதும் நேராகப் போவதில்லை. கணுவிலோ உள்ளே இருக்கும் பழைய ஆணியிலோ முட்டினால் வளைந்து, பலகையின் பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். பிராட் ஆணியின் முனை உளி போலச் சரிவாக வெட்டப்பட்டிருப்பதால், வளைந்தால் பெரும்பாலும் கன்னின் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஓடும். பிளைவுட்டின் ஓரத்தில் அடிக்கும்போது கன்னை அந்த ஓரத்துக்குக் குறுக்காகப் பிடியுங்கள். ஆணி வளைந்தாலும் பலகையின் நீளவாக்கில் உள்ளேயே ஓடி மறைந்துவிடும். ஓரத்துக்கு இணையாகப் பிடித்தால் பலகையின் முகத்தில் வெளிப்படும். அங்கேதான் பொதுவாக இடது கை விரல்கள் இருக்கும்.

டிரிகரில் விரல் வைப்பது அடிக்கும்போது மட்டும். நடக்கும்போது, ஏணி ஏறும்போது, அடுத்தவரிடம் கொடுக்கும்போது விரல் வெளியே. இடம் மாறி வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் ஹோஸையே கழற்றிவிடுங்கள். சட்டத்தின் மறுபக்கம் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பக்கமும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், பவர் கண்ணாடி அதற்கு ஈடாகாது. காதுக்கும் அடைப்பான் வேண்டும். ஒவ்வோர் அடியின் சத்தமும் ஒரு கணம்தான் இருக்கும், ஆனால் 100 டெசிபலைத் தாண்டும்.

சிக்கலும் எண்ணெயும்

ஆணி சிக்கினால் முதலில் ஹோஸைக் கழற்றுங்கள், அப்புறம் மகசினிலிருந்து ஸ்ட்ரிப்பை வெளியே எடுங்கள், அதற்குப் பிறகுதான் மூக்கின் தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும். சிக்கிய ஆணியை மூக்குக் குறட்டால் பிடித்து எடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பிளேடு வளையும். அடிக்கடி சிக்கினால் ஸ்ட்ரிப்பின் கேஜையும் கோணத்தையும் பாருங்கள், பெரும்பாலும் காரணம் அங்கே இருக்கும்.

எண்ணெய் கேட்கும் கன்னாக இருந்தால், வேலை தொடங்கும் முன் காற்று நுழையும் முனையில் ஏர் டூல் ஆயில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். துருநீக்கி ஸ்பிரேயும் வண்டி எஞ்சின் ஆயிலும் ஓ-ரிங்கைக் கெடுக்கும். எண்ணெயே வேண்டாத கன்களும் வருகின்றன, எது என்று கையேட்டில் இருக்கும். மாலையில் கம்ப்ரஷர் டேங்கின் அடிக்குழாயைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள்.

எல்லாம் செய்தும் ஆணி உடம்பில் ஏறிவிட்டால் அதைப் பிடுங்க வேண்டாம். வலி குறைவாக இருந்தாலும், துளை சின்னதாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆணி எலும்பையோ நரம்பையோ தசைநாரையோ தொட்டிருக்கலாம், எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். டெட்டனஸ் ஊசியும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப்பைக் கோத்திருந்த பிளாஸ்டிக் துணுக்கோ கம்பித் துண்டோ பசையோ காயத்துக்குள் போயிருக்கலாம், சில ஆணிகளின் உடம்பில் வரிப்பள்ளங்களும் இருக்கும். ஆகவே அதே ஸ்ட்ரிப்பிலிருந்து நாலைந்து ஆணிகளை உடைத்துக் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே என்ன இருக்கக்கூடும் என்று தெரிந்தால் எப்படி எடுப்பது என்று அவர் முடிவு செய்வார்.